அவகாசம் கேட்கும் ஒலி

அச்சில் ஏறிய ஆங்கிலத்தை மட்டுமே படித்துத் தேர்ச்சி பெற்ற ஒருவர், நாவல்களிலும் கட்டுரைகளிலும் மெருகேறிய வாக்கியங்களையே கண்டு கண்டு, அம்மக்களின் வாய்ப்பேச்சும் இவ்வண்ணமே இருக்கும் என்று மனத்தில் ஓர் உருவத்தை அமைத்துக்கொண்டபின், லண்டனிலோ சிகாகோவிலோ ஒரு காப்பிக் கடையில் பக்கத்து மேஜையில் இருவர் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்க நேர்ந்தால், அவருக்கு முதலில் உண்டாவது திகைப்பாகத்தான் இருக்கும். ஒரு வாக்கியம் தொடங்கிப் பாதியில் நிற்கிறது; ‘அம்’ என்று ஓர் ஒலி நீள்கிறது; ‘ஐ மீன்’ என்று சொல்லி, தொடங்கிய வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு வேறொன்று பிறக்கிறது; அது முடியுமுன் ‘யூ நோ’ என்று எதிரிலிருப்பவரைத் துணைக்கு அழைக்கிறார் பேசுகிறவர்; கேட்கிறவரோ ‘ம்-ஹ்ம்’, ‘ஓ’, ‘ரைட்’ என்று இடையிடையே ஒலித்துக்கொண்டே இருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணத்தை அந்தச் சம்பாஷணையில் தேடிக் கண்டெடுக்க அவர் பெரும் பிரயத்தனம் செய்ய வேண்டிவரும்.

இந்த ஒலிகளைப் பொதுவாக யாரும் மதிப்பதில்லை. சோம்பலின் அடையாளம் என்றும், விஷயம் தெரியாதவன் காலம் கடத்தும் உபாயம் என்றும் அவற்றைத் தூஷிக்கும் வழக்கம் அம்மொழிக்கு உரியவர்களிடத்திலேயே வெகுநாளாக உண்டு. மருத்துவரும் கவியுமாகிய ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1846-இல் வெளிவந்த தம் நெடும்பாட்டு ஒன்றில், பேச்சில் தடுமாறும்போது இந்த ஒலியை வழியெல்லாம் இறைத்துச் செல்லலாகாது என்று போஸ்டன் நகரத்தாருக்கு உபதேசம் செய்தார். அந்த உபதேசம் இன்றும் ஓயவில்லை. எனக்குள்ள அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. எதிரே அமர்ந்திருக்கும் மனிதரிடம் ஒருவர் காட்டும் மரியாதை, ஆங்கிலப் பேச்சில் மிக அடிக்கடி வெளிப்படும் வடிவம் இந்த ஒலிதான் என்று நான் கருதுகிறேன். அதைக் கற்காமல் ஆங்கிலம் கற்றவர்கள், இலக்கணம் முழுவதையும் கற்றிருந்தபோதிலும், அம்மொழியில் பேச்சின் ஒரு பாதியைக் கற்காமல் விட்டவர்களே ஆவார்கள்.

இவ்வொலிகள் நம் கண்ணில் படாமல் போனதற்கு அச்சுத்தான் காரணம். பேச்சை எழுத்தாக மாற்றுகிறவர் எவரும் முதலில் களைவது இவற்றையே. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் விவாதங்களைப் பதிவு செய்யும் ஹான்ஸார்டு, கூறியது கூறலையும் மிகையான சொற்களையும் நீக்கி, வெளிப்படையான பிழைகளைத் திருத்தி, பொருள் சிறிதும் சிதையாமல் கொடுப்பதையே தன் விதியாகக் கொண்டிருக்கிறது. அங்கத்தினர் ஒருவர் பதில் சொல்லுமுன் தயங்கிய தயக்கம் அதில் ஏறுவதில்லை. பத்திரிகைப் பேட்டியும் அப்படியே. நாவலாசிரியரும், ஒரு பாத்திரத்தின் சங்கோசத்தையோ பொய்யையோ காட்ட வேண்டிய சந்தர்ப்பத்தில் மட்டும் ஒன்றிரண்டைத் தெளித்துவிட்டு, மற்ற இடங்களில் அனைவரையும் தடையின்றிப் பேச விடுகிறார். எழுத வேண்டி வந்தபோதும் ஒரு குழப்பம் நேர்ந்தது. தென்னிங்கிலாந்தில் சொல்லிறுதி ரகரம் ஒலிப்பதில்லை ஆதலால், அங்குள்ளவர்கள் தங்கள் தயக்க ஒலியை ‘எர்’, ‘எர்ம்’ என்று வாசிக்கத்தக்க எழுத்துகளால் எழுதினார்கள். ரகரத்தை அழுத்தி ஒலிக்கும் அமெரிக்கர் அதே ஒலியை ‘அஹ்’ என்றும் ‘அம்’ என்றும் எழுதினார்கள். ஆங்கிலேயருடைய நாவலைக் கையில் வைத்துக்கொண்டு உரக்க வாசிக்கும் நம் மாணவன், எந்த ஆங்கிலேயரும் ஒருபோதும் எழுப்பியிராத ஒரு ‘எர்’ ஒலியை எழுப்புகிறான்.

இனி, ஒருவர் பேச்சை முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவில் உள்ள காலத்தைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். டான்யா ஸ்டிவர்ஸ் என்னும் அறிஞரும் அவருடைய சகாக்களும், ஆங்கிலம், ஜப்பானியம், டேனிஷ், கொரியம் முதலாகப் பத்து மொழிகளில் நிகழ்ந்த இயல்பான உரையாடல்களை அளந்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கேள்வி முடிந்து விடை தொடங்குவதற்குள் செல்லும் இடைவெளி, மொழிக்கு மொழி சிறிது கூடிக் குறைந்தாலும், சராசரியாகச் சுமார் 200 மில்லி விநாடிதான் என்று கண்டார்கள். ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் கொண்டு மாத்திரையை அளந்த நம் இலக்கணிகளுக்குப் பழக்கமான நுட்பம் இது. ஆனால், ஒரு மனிதரிடம் ஒரு பொருளின் படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், அந்த ஒரே ஒரு சொல் அவர் வாயிலிருந்து வெளிப்படச் சுமார் 600 மில்லி விநாடி ஆகிறது என்பதும் சோதனைச் சாலைகளில் நெடுங்காலமாக அறியப்பட்ட விஷயம். சொல்லைத் தேடி எடுக்க வேண்டிய காலம், சமூகம் நமக்கு அனுமதிக்கும் காலத்தைப் போல மூன்று மடங்கு. மற்றவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் விடையை நாம் உள்ளுக்குள் அமைக்கத் தொடங்கிவிடுவதனால்தான் உலகத்தில் உரையாடல் என்பது சாத்தியமாகிறது. அவ்வாறு முன்கூட்டி அமைக்க முடியாத கேள்வி ஒன்று வந்துவிட்டால் என்ன செய்வது? மௌனமாக இருக்கலாம். ஆயினும், ஆங்கில உரையாடல்களை ஒலிநாடாவில் பதிந்து மூச்சுவிடும் ஒலியையும் விடாமல் எழுதிக் காட்டிய கெயில் ஜெஃபர்சன், அவற்றில் மௌனம் ஏறக்குறைய ஒரு விநாடிக்குமேல் நீடிக்க விடப்படுவதில்லை என்று 1989-இல் குறிப்பிட்டிருக்கிறார். அதற்குமேல் நீண்டால், கேள்வி காதில் விழவில்லையோ, மனம் புண்பட்டதோ, விடை சொல்ல விருப்பமில்லையோ என்று மற்றவர் உள்ளம் அலையத் தொடங்குகிறது.

இந்த நெருக்கடியில்தான் ‘அம்’ பிறக்கிறது. வாய் திறந்துவிட்டது, ஒலி எழுந்துவிட்டது; உம் கேள்வி எனக்குக் கேட்டது, அதற்கு விடை சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன், விடை இன்னும் கைக்கு வரவில்லை, சற்றுப் பொறும் என்னும் நான்கு செய்திகளும் அந்த ஓர் அசையில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் கிளார்க்கும், அவரோடு ஆராய்ந்த ஜீன் ஃபாக்ஸ் ட்ரீயும் 2002-இல் எழுதிய கட்டுரையில் இன்னும் நுண்ணியதான ஒரு பேதத்தைக் காட்டினார்கள். பிரிட்டிஷ் உரையாடல்களின் பெரியதொரு சேகரத்தை ஆராய்ந்தபோது, ‘அஹ்’ என்று சொன்னவர்கள் விரைவில் பேச்சைத் தொடர்ந்ததும், ‘அம்’ என்று சொன்னவர்கள் அதைவிட நீண்ட இடைவெளிக்குப் பின்னரே தொடர்ந்ததும் புலப்பட்டன; ஆகவே முதலாவது சிறிய தாமதத்தையும் இரண்டாவது பெரிய தாமதத்தையும் முன்னறிவிக்கும் ஆங்கிலச் சொற்களே என்பது அவர்களுடைய சித்தாந்தம். சொற்கள் என்று அவர்கள் துணிந்து கூறியதை ஒப்பாதவர்களும் உண்டு. இருமலையும் பெருமூச்சையும் போல இவை சிரமத்தின் அறிகுறிகள் மட்டுமே, நாம் தேர்ந்தெடுத்துச் சொல்பவை அல்ல என்று அவர்கள் ஆக்ஷேபிக்கிறார்கள்.

தமிழ் இலக்கணம் பயின்றவருக்கு இந்த வழக்கு புதுமையாகத் தோன்றாது. தனக்கெனப் பொருளில்லாத அசைநிலைகளையும் இடைச்சொல் என்று பெயரிட்டு, சொல்லதிகாரத்துக்குள் ஓர் இயலே வகுத்து இடம் கொடுத்தவர் தொல்காப்பியர். ‘அம்ம’ என்னும் இடைச்சொல்லுக்கு, கேட்பவரைக் கேட்கச் செய்வதே பொருள் என்றும் அவர் விதித்தார். செய்யுளில் வரும் அசைநிலையும் காப்பிக் கடையில் எழும் தயக்க ஒலியும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். ஆனாலும், ஒரு சொல்லின் பொருளை அது சுட்டும் பண்டத்தில் மட்டும் தேடாமல், அது கேட்பவரிடத்தில் செய்யும் காரியத்திலும் தேடலாம் என்னும் அந்தப் பழைய விவேகத்தை வைத்துப் பார்த்தால், கிளார்க்கின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

அது செய்யும் காரியத்தை ஓர் உதாரணத்தில் மிக அருகிலிருந்து பார்க்கலாம். இங்கிலாந்தில் ஒரு பெண்மணி தம் அண்டை வீட்டுக்காரரைப் பார்த்து, “சனிக்கிழமை மாலை எங்களோடு சாப்பிட வர இயலுமா?” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வர இயலுமானால் விடை உடனே வந்துவிடும். கேள்வியின் கடைசி அசை அடங்குமுன்பே, மகிழ்ச்சியோடு வருகிறேன் என்பார் அவர். இயலாதானால் நடப்பதே வேறு. முதலில் ஒரு சிறு மௌனம். பிறகு ‘வெல்’ என்று ஒரு சொல், சற்று நீட்டி. பிறகு ‘அம்’. பிறகு, “சனிக்கிழமையா…” என்று கேள்வியின் ஒரு துண்டைத் திருப்பிச் சொல்லுதல். மறுப்பு என்று சொல்லத்தக்க ஒரு சொல்லும் இதுவரை வரவில்லை. எனினும் அழைத்தவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மறுக்கும் சொல் வந்து விழுவதற்குள், “அன்று முடியாவிட்டால் அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமே” என்று அவரே வழி திறந்துவிடுகிறார். அண்டை வீட்டுக்காரர் நிம்மதியாக, அடுத்த வாரம் என்றால் மிகவும் நல்லது என்கிறார். அழைப்பு மறுக்கப்பட்டது; ஆனால் மறுத்தவர் என்று ஒருவர் இல்லை. இணக்கமான விடைகள் தாமதமின்றியும், இணங்காத விடைகள் தாமதத்தோடும் தயக்க ஒலிகளோடும் வருகின்றன என்பதை அனிடா பொமரன்ட்ஸ் 1984-இல் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். மொழி நன்கு தெரிந்தும் இந்தத் தயக்கத்தின் இலக்கணம் தெரியாத அந்நியர், அதே கேள்விக்கு, “இல்லை, என்னால் வர முடியாது” என்று தெளிவாகவும் உடனடியாகவும் பிழையின்றியும் விடை சொல்லி, தாம் செய்த குற்றம் இன்னதென்று அறியாமலே அந்த வீட்டின் பிரியத்தை இழந்துவிடுகிறார். அவருடைய இலக்கணத்தில் ஒரு குறையும் காண முடியாது. ‘வெல்’லும் ‘அம்’மும் இல்லாததே குறை.

அஞ்ஞானத்தினால் தயங்குகிறார்கள் என்னும் குற்றச்சாட்டுக்கும் விடை சொல்லியாக வேண்டும். லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் பேச்சின் இடைவெளிகளை ஆயுள் முழுவதும் அளந்த ஃபிரீடா கோல்ட்மன்-ஐஸ்லர், கேலிச் சித்திரங்களைச் சிலரிடம் கொடுத்து, முதலில் சித்திரத்தில் உள்ளதை வர்ணிக்கவும், பிறகு அதன் தாத்பரியத்தை எடுத்துரைக்கவும் சொன்னார். வர்ணிக்கும்போது பேச்சு ஓடிற்று. பொருளை எடுத்துரைக்கப் புகுந்தபோது அதே மனிதர்களின் பேச்சில் நிறுத்தங்கள் பெருகின. கண்ணெதிரில் உள்ளதைச் சொல்வதற்குச் சிந்தனை அதிகம் வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாததை முதன்முறையாகச் சொல்வதற்கு வேண்டும். இன்னும் சிறப்பாக இதை விளக்குவது, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ஷாக்டரும் அவர் மாணவர்களும் செய்து 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. வகுப்பறைகளில் அமர்ந்து பேராசிரியர்களின் தயக்க ஒலிகளை எண்ணியதில், விஞ்ஞானப் பேராசிரியர்கள் குறைவாகவும், இலக்கியம், கலை முதலியவற்றைக் கற்பிப்போர் அதிகமாகவும் தயங்குவது தெரிந்தது. அதே பேராசிரியர்களை அழைத்துப் பொதுவானதொரு விஷயத்தைப் பற்றிப் பேசச் செய்தபோது இந்த வேற்றுமை மறைந்துவிட்டது. ஆகவே இது ஆளின் குணம் அன்று. எடுத்துக்கொண்ட விஷயத்தின் குணம். ஒரு மூலகத்தின் எடைக்கோ ஒரு சமன்பாட்டின் உறுப்புக்கோ ஒரே பெயர்தான் உண்டு, அதை விட்டால் வேறு கதியில்லை. ஒரு கவிதையின் ரஸத்தைச் சொல்ல வரும் ஆசிரியருக்கோ பத்துச் சொற்கள் வரிசையில் வந்து நிற்கின்றன, அவற்றுள் ஒன்பதை விலக்கி ஒன்றை எடுக்க வேண்டும். அந்த விலக்குதலின் ஓசையே நம் காதில் ‘அம்’ என்று விழுகிறது. தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உள்ளவனே தயங்குகிறான் என்று இந்த ஆராய்ச்சியிலிருந்து நான் அனுமானித்துக்கொண்டேன். ஷாக்டர் இவ்வளவு தூரம் சொன்னாரில்லை. எழுதியதை ஒப்பிப்பவனுக்குத் தயக்கம் இல்லை. பலமுறை சொல்லிப் பழகிய பொய்யும் தயங்காது.

கேட்பவர் அடையும் பயன் இதனினும் ஆச்சரியமானது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் சகாக்களும் 2011-இல் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். திரையில் இரண்டு உருவங்கள்: ஒன்று குழந்தைக்குப் பழக்கமான பொருள், மற்றொன்று அது ஒருபோதும் கண்டிராத விசித்திரப் பொருள். “பார், அந்த… அஹ்…” என்று குரல் தயங்கிய மாத்திரத்தில், இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளின் கண்கள், பெயர் சொல்லப்படுமுன்பே, அந்தப் புதிய பொருளின் பக்கம் திரும்பின. பெரியவர்கள் தயங்குவது பழக்கமில்லாத ஒன்றைச் சொல்லப் போகும்போதுதான் என்பதை அந்தச் சிசுக்கள் எவரும் கற்பிக்காமலே கற்றிருக்கின்றன. பெரியவர்களிடம் செய்த சோதனை ஒன்றும் என் நினைவை விட்டு அகலாதது. ஸ்காட் ஃபிரான்டார்ஃபும் டுவேன் வாட்ஸனும், ‘ஆலிஸின் அற்புத உலகம்’ என்ற கதையிலிருந்து சில பகுதிகளைச் சிலருக்குச் சொல்லி, பிறகு நினைவிலிருந்து திருப்பிச் சொல்லும்படி கேட்டார்கள். கதை சொன்ன குரலில் தயக்க ஒலிகள் இருந்தபோது, அவை இல்லாதபோதைவிட நன்றாகக் கதை நினைவில் நின்றது. அவ்வொலிகளின் இடத்தில் அதே நீளமுள்ள இருமலை வைத்தபோது நினைவு கெட்டது. இருமலுக்கும் ‘அம்’முக்கும் பேதமில்லை என்று ஆக்ஷேபித்தவர்களுக்கு இதைவிடத் தக்க சமாதானம் ஒன்று இருக்க முடியாது. பேசுகிறவர் சொல்லைத் தேடும் அதே கணத்தில், கேட்கிறவருடைய மனமும் எழுந்து நின்று எதிர்பார்க்கிறது.

பேசுகிறவரின் ஒலிகளைப் போலவே கேட்கிறவரின் ஒலிகளும் கவனத்துக்கு உரியவை. பாட்டி கதை சொல்லும்போது ‘உம்’ கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும் என்பது நம் வீடுகளில் எல்லாக் குழந்தைகளும் அறிந்த சட்டம். வில்லுப்பாட்டில் ‘ஆமாம்’ போடுபவர் இல்லாமல் அண்ணாவி ஓர் அடி நகர மாட்டார். ஆங்கிலத்தில் இந்த உத்தியோகத்தைச் செய்வன ‘அஹ்-ஹஹ்’, ‘ம்-ஹ்ம்’, ‘யா’, ‘ரைட்’ போன்றவை. நீர் பேசும், நான் குறுக்கிடப் போவதில்லை என்று அவை ஒவ்வோர் அடியிலும் வாக்களித்துக்கொண்டே செல்கின்றன என்பதை இமானுவேல் ஷெக்லாஃப் 1982-இல் ஒரு கட்டுரை முழுவதும் அதற்கென்றே ஒதுக்கி விளக்கினார். ‘ஓ’ என்பது இவற்றினின்றும் வேறு. இதுவரை அறியாததை இப்போது அறிந்தேன் என்பதே அதன் பொருள் என்று ஜான் ஹெரிடேஜ் காட்டியிருக்கிறார். எனவே, ஏற்கெனவே தெரிந்த செய்திக்கு ‘ஓ’ என்பதும், நண்பர் ஆவலோடு சொன்ன புதிய செய்திக்கு வெறும் ‘ம்-ஹ்ம்’ என்பதும் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும்.

இந்த இடத்தில் தமிழருக்கென்று ஒரு பள்ளம் காத்திருக்கிறது. நாம் வாயை மூடிக்கொண்டு மூக்கின் வழியாக ‘ம்ஹும்’ என்றால் அது மறுப்பு. ஆங்கிலேயர் அதே உறுப்புகளால், ஏறக்குறைய அதே எழுத்துகளால், குரலைச் சற்று மேலே ஏற்றி ‘ம்-ஹ்ம்’ என்றால் அது சம்மதம். அவர்களுடைய சம்மதத்துக்கும் மறுப்புக்கும் நடுவில் உள்ள வேலி இன்னும் மெல்லியது: ‘அஹ்-ஹஹ்’ என்று இரண்டாம் அசையை மூச்சோடு சொன்னால் ஆம், மூச்சை விடாமல் தொண்டையில் வெட்டி ‘அ-அ’ என்று இறக்கினால் இல்லை. தொலைபேசியில், முகமும் தலையசைப்பும் துணைக்கு வராத நிலையில், புதிதாக அந்நாட்டுக்குப் போன நம்மவர் வீட்டு வாடகையோ வைத்திய நேரமோ பேசும்போது, ஆம் என்று சொல்லப்பட்டதை இல்லை என்று எண்ணிப் பேச்சை முடித்துவிடுவது மிகவும் சாத்தியம். எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டதை நான் கண்டதில்லை.

‘லைக்’ என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இளைஞர், விசேஷமாக இளம்பெண்கள், இதை வாக்கியத்துக்கு வாக்கியம் சேர்ப்பதாக ஆங்கிலப் பத்திரிகைகள் அங்கலாய்க்காத வருஷமில்லை. பிறர் சொன்னதையோ தாம் நினைத்ததையோ எடுத்துக்கூறவும், சொல்லும் அளவு உத்தேசமானது என்று அறிவிக்கவும், எடுத்துக்காட்டு வருகிறது என்று குறிக்கவுமாக அதற்குத் தனித்தனியே உத்தியோகங்கள் உண்டு என்று அலெக்ஸாண்ட்ரா டார்சி நிறுவியிருக்கிறார். முதியவர்களும் அதைக் கையாளத்தான் செய்கிறார்கள். ஆகவே கண்டனத்தில் பாதிக்குமேல் இளமையின்மீதும் பெண்மையின்மீதும் உள்ள கண்டனமாகவே எனக்குத் தோன்றுகிறது. எந்த ஒலியையும் அளவின்றி வழங்கினால் சலிப்பு உண்டாகும் என்பதை மறுக்கவில்லை. அது எல்லாச் சொல்லுக்கும் பொதுவான நியாயம்.

இத்தனை நன்மை செய்யும் ஒலிக்கு இத்தனை அபகீர்த்தி ஏன் வந்தது? மைக்கேல் எரார்ட் என்னும் எழுத்தாளர், தம் பேச்சைத் தாமே கேட்க மனிதருக்கு வழி செய்த கிராமபோனும், பின்னர் வந்த வானொலியும்தான் தயக்கமற்ற பேச்சை ஒரு லட்சியமாக்கின என்று 2007-இல் வெளியான தம் புத்தகத்தில் வாதிக்கிறார். பிரசங்கக் கலையைக் கற்பிக்க 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்கள் இன்று சென்னை உட்பட உலகெங்கும் பரவியிருக்கின்றன. அவற்றின் கூட்டங்களில், பேசுகிறவரின் ‘அம்’களையும் ‘அஹ்’களையும் எண்ணிச் சொல்வதற்கென்றே ஒருவர் நியமிக்கப்படுகிறார். மேடையைப் பொறுத்தவரை இதில் நியாயம் உண்டு. மேடையில் நிற்பவரிடமிருந்து பேச்சைப் பறிக்க எவரும் காத்திருப்பதில்லை. அவர் மூன்று விநாடி மௌனமாக நின்றால் சபை அதைக் கம்பீரம் என்றே கொள்ளும். அங்கே ‘அம்’முக்கு வேலையில்லை, வேலையில்லாத ஒலியை விலக்குவது அழகு. தவறு எங்கே நேர்கிறதென்றால், மேடைக்கு உரிய இந்தச் சட்டத்தை நண்பர் வீட்டுத் திண்ணைக்கும், வைத்தியர் அறைக்கும், உத்தியோகப் பேட்டிக்கும் எடுத்துச் சென்று, ஒருவரோடொருவர் பேசும் இடத்தில் ஒருவர் பலருக்குப் பேசும் விதியை அமல்படுத்துவதில்தான்.

2018 மே மாதம் கூகிள் நிறுவனம் தன் மாநாட்டில் ஒரு தொலைபேசி உரையாடலைக் கேட்கச் செய்தது. டூப்ளெக்ஸ் என்னும் யந்திரக் குரல் ஒரு சிகையலங்கார நிலையத்தை அழைத்து நேரம் குறித்துக்கொண்டது. நடுவில் அது ‘அம்’ என்றும் ‘ம்-ஹ்ம்’ என்றும் மனிதரைப் போலவே ஒலித்தது. எதிர்முனையில் பேசிய பெண்மணிக்குத் தாம் யந்திரத்தோடு பேசுவது தெரிந்ததாகத் தோன்றவில்லை. இது வஞ்சனை என்று பலர் எதிர்ப்புத் தெரிவித்தபின், தான் இன்னதென்று அக்குரல் அறிவித்துவிடும் என்று நிறுவனம் உறுதி கூறிற்று. அந்த எதிர்ப்பில் ஆழ்ந்த நியாயம் இருந்தது. எனக்குச் சிந்திக்க அவகாசம் வேண்டும், ஆனால் உம்மை நான் விட்டுப் போகவில்லை என்று அந்த ஒலி சொல்கிறது. சொல்லைத் தேடித் தவிக்காத ஒன்று அதை எழுப்பும்போது, எதிரிலிருப்பவருடைய பொறுமையை அது உரிமையின்றிப் பெற்றுக்கொள்கிறது. இலக்கணப் பிழையற்ற வாக்கியங்களை யந்திரம் எவ்வளவு பேசினாலும் யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. ‘அம்’ என்றபோதுதான் சொன்னார்கள். மனிதர் எந்த ஒலியைத் தமக்கே உரியதென்று உள்ளூறக் கருதுகிறார்கள் என்பதற்கு இதைக்காட்டிலும் சாட்சி வேண்டுவதில்லை.

நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆங்கிலம் உரைநடைப் புத்தகத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது. வாய்மொழித் தேர்ச்சி என்பது மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் தேர்ச்சியாக இருந்தது. அதன் விளைவை உத்தியோகப் பேட்டி அறைகளில் காணலாம். கேள்வி கேட்கப்பட்டவுடன், கிராமத்திலிருந்து வந்த இளைஞன் கண்களை மேலே உயர்த்தி, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, உள்ளுக்குள் முழு வாக்கியத்தையும் கட்டத் தொடங்குகிறான்; இரண்டு விநாடி, மூன்று விநாடி, நான்கு விநாடி; எதிரில் உள்ளவர்கள் விடை தெரியவில்லை போலும் என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அவனுக்கு விடை தெரியும். அவகாசம் கேட்கும் ஒலிதான் தெரியாது. தமிழில் பேசியிருந்தால் ‘அது வந்து’ என்று தொடங்கியிருப்பான், ‘என்னன்னா’ என்று இழுத்திருப்பான், யாரும் அவனைத் தெரியாதவன் என்று நினைத்திருக்க மாட்டார்கள். சற்றுப் பழகியவர்களோ ‘ஆக்சுவலி’, ‘பேஸிக்கலி’ என்னும் இரண்டையும் எல்லாத் தயக்கத்துக்கும் மருந்தாகக் கொள்கிறார்கள்; அவற்றுக்கென்று தனிப்பொருள் உண்டு ஆதலால், பொருந்தாத இடத்தில் அவை கேட்பவரைத் திசை திருப்பிவிடுகின்றன. ‘லெட் மீ ஸீ’ என்றும், ‘ஹௌ ஷல் ஐ புட் இட்’ என்றும், ‘தட்ஸ் எ குட் கொஸ்சன்’ என்றும் சொல்லி அவகாசம் பெறும் வழக்கமும், ஒரு ‘அம்’மைச் சங்கோசமின்றி எழுப்பும் தைரியமும் கற்பிக்கத்தக்கவையே. வெளிநாடு செல்வோர் எழுதும் ஐஈஎல்டிஎஸ் தேர்வின் மிக உயர்ந்த ஒன்பதாம் நிலைக்குக்கூடத் தயக்கமின்மை நிபந்தனையாக வைக்கப்படவில்லை; தயக்கம் சொல்லையோ இலக்கணத்தையோ தேடுவதால் எழாமல், சொல்ல வந்த விஷயத்தை யோசிப்பதால் எழுந்ததாக இருக்க வேண்டும் என்றே அங்கு விதித்திருக்கிறார்கள்.

ஆகையால் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடமும், பேட்டி காணும் அதிகாரிகளிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் முன் நிற்கும் மாணவன் ‘அம்’ என்று நிறுத்தினால், அவன் பேச்சைப் பறித்து நீங்கள் முடித்து வைக்காதீர்கள், மதிப்பெண்ணில் ஒன்றைக் குறைக்காதீர்கள், அவன் கேட்ட அந்த இரண்டு விநாடியை அவனுக்குக் கொடுங்கள்.